வெறும் குப்பி

அத்தியாயம் 14

சென்ற இதழில் அவளை ஆய்வகத்து வாசலில், கதவுப்பிடியில் கைவைத்தபடி நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். ஒரு வாரமாக அப்படியே நிற்கிறாள், பாவம். உள்ளே போக விடுவோம்.

அவள் செருப்பைக் கழற்றி வெள்ளைக் கோட்டை மாட்டுவதற்குள், முந்தைய இதழ்களைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வார்த்தை. இவள் வீட்டுக்குச் சின்னவள். கடல் உணவைச் சோதிக்கிற இடத்தில் வேலை. மீனோ இறாலோ சிப்பியோ, எது வந்தாலும் அரைத்து, கரைத்து, வடித்து, அதற்குள் அழியா ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒட்டாத வாணலிக்கும் மழைக்கோட்டுக்கும் பூசுகிறார்களே, அந்தச் சாதி ரசாயனம். மண்ணில் மக்காது, தண்ணீரில் தொலையாது, உடம்புக்குள் போனால் வருடக்கணக்கில் அங்கேயே குடியிருக்கும்.

இவளுடைய அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கடலில் கயிறு கட்டிச் சிப்பி வளர்ப்பவர். பதினெட்டு நாளுக்கு முன்னால் ஆறு பேருடைய சிப்பியில் அளவு மீறியிருக்கிறது என்று இங்கிருந்து அறிக்கை போனது. ஆறு பேருடைய வளர்ப்புக் களத்தையும் மூடினார்கள். அதில் ஒன்று அத்தானுடையது. அறிக்கையின் அடியில் இருந்தது சின்னவளுடைய கையெழுத்து.

அன்றிலிருந்து அக்கா பேசுவதில்லை. ஆனால் ஊர் பேசுகிறது. "சொந்த அத்தான்னுகூடப் பார்க்கலையே, வேலைன்னா இப்படி இருக்கணும்" என்று வாயாரப் புகழ்கிறது. அக்கா பேசாததைக்கூடச் சின்னவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இந்தப் புகழ்ச்சியைத்தான் தாங்க முடியவில்லை.

ஏனென்றால் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு மழைக்கோட்டு இருந்தது.

ஆய்வகத்துக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. மழைக்கோட்டு, கைக்குத் தடவும் கிரீம், உதட்டுச் சாயம், எண்ணெய் உறிஞ்சாத பொட்டலக் காகிதம், எதுவும் உள்ளே வரக்கூடாது. இவற்றில் எல்லாம் அந்த ரசாயனம் இருக்கலாம். ஒரு துளி சிந்தினாலும் மீனின் கணக்கில் ஏறிவிடும். அறிவிப்பை எழுதியது வேறு யாருமில்லை, சின்னவள்தான். சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடு வேறு.

அந்த வியாழக்கிழமை நல்ல மழை. பஸ் தாமதம். அவள் படியேறும்போதே உள்ளே குலுக்கும் இயந்திரம் வேலை முடிந்து கத்திக்கொண்டிருந்தது. கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஓடிப்போய் எட்டி அதை நிறுத்தினாள். ஈரக் கைப்பகுதியிலிருந்து இரண்டு மூன்று சொட்டு, திறந்திருந்த கரைப்பான் பாட்டிலுக்குள் விழுந்தது. விழுந்ததை அவள் பார்த்தாள். இது முக்கியம். பார்க்கவில்லை என்றால் இந்தக் கதையே இல்லை.

பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு வந்து, அதே பாட்டிலிலிருந்து ஆறு சிப்பிப் பைக்கும் ஊற்றினாள். ஏழாவதாக ஒரு வெறும் குப்பிக்கும் ஊற்றினாள். அந்த ஏழாவதை அங்கே பிளாங்க் என்பார்கள். மற்றவற்றுக்குச் செய்யும் எல்லா வேலையும் அதற்கும் நடக்கும், சிப்பி மட்டும் அதில் இருக்காது. சிப்பியே இல்லாத குப்பியில் ரசாயனம் தெரிந்தால், அழுக்கு கடலில் இல்லை, நம் கையில் என்று அர்த்தம்.

மறுநாள் வெறும் குப்பியில் ரசாயனம் தெரிந்தது. ஆறு பையிலும் தெரிந்தது. எது கோட்டிலிருந்து வந்தது, எது கடலிலிருந்து வந்தது என்று இனிப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். செய்தால் ஆய்வகத்துக்குத் தலைவியான மேடம் ஏன் என்று கேட்பார். நான் மழைக்கோட்டோடு உள்ளே போனேன் என்று, அந்த அறிவிப்பை எழுதியவள் வாயாலேயே சொல்ல வேண்டும்.

அவளால் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை புது பாட்டில் உடைத்து, ஒரே ஒரு வெறும் குப்பியை மட்டும் தயார் செய்து அளக்கும் இயந்திரத்தில் ஓட்டினாள். அது சுத்தமாக வந்தது. பழைய தாளைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதியதைக் கோப்பில் சேர்த்தாள். பைகளில் எண் மட்டும்தான் இருக்கும். யாருடைய சிப்பி என்று அவளுக்கு அப்போது தெரியாது. அத்தானுடையது என்று தெரிந்த பிறகாவது வாயைத் திறந்திருக்கலாம். அதற்குள் எல்லாரும் பாராட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

---

இன்றைக்குப் பதினொரு மணிக்கு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த எட்டுப் பேர் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். மேடம் முன்னால் நடந்தார். மேடம் அதிகம் பேசாதவர். அப்படிப்பட்டவர் வாயைத் திறந்தால் ஊரே காது கொடுக்கும்.

"மெஷின் பத்தி அப்புறம் பார்க்கலாம்," என்றார் மேடம். "முதல்ல இவளப் பாருங்க. பதினெட்டு நாள் முன்னாடி இவ கையெழுத்துப் போட்ட அறிக்கைல இவ குடும்பத்துக் களமே மூடிப்போச்சு. என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சிபாரிசு கேக்கல. இதுதான் இந்த வேலைக்குத் தகுதி."

எட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள். சின்னவள் தரையைப் பார்த்தாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, இன்னும் மரியாதையாகப் பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண், நோட்டும் பேனாவுமாக முன்னால் வந்தாள். "மேடம், பிளாங்க்ல ஏதாவது தெரிஞ்சா என்ன பண்ணணும்?"

"இவளே சொல்லட்டும்," என்றார் மேடம்.

சின்னவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்குப் பண்ணின எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, மறுபடி முதல்லேர்ந்து பண்ணணும்."

"எல்லாத்தையுமா? நல்லா வந்ததையும்கூடவா?"

"எல்லாத்தையும்தான்."

அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள். எழுதிய வரியின் கீழே அடிக்கோடும் போட்டாள். சின்னவளுக்குப் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. பூமிக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது.

---

அவர்கள் போனதும் அவள் சாப்பிடப் போகவில்லை. நேராகக் குளிர்ப்பெட்டி அறைக்குப் போனாள். எந்தப் பை வந்தாலும் பாதியைத்தான் சோதிப்பார்கள், மறுபாதி எண்ணோடு உறைந்து கிடக்கும். அத்தானுடைய எண் இந்தப் பதினெட்டு நாளில் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. அந்தப் பையை எடுத்துக் கதவைச் சாத்தினாள்.

உருகவிட்டு, அரைத்து, எடை பார்த்து, புது பாட்டிலிலிருந்து ஊற்றினாள். பக்கத்தில் ஒரு வெறும் குப்பியும் வைத்தாள். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரசாயனம் என்பதால் இங்கே எல்லாம் பிளாஸ்டிக் குழாய்தான். கை தவறி ஒன்று உருண்டு போனது. குனிந்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வேறு எடுத்தாள். இன்றைக்கு ஒரு விஷயத்திலும் சமாளிக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அளக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது மிஷின் அண்ணன். அந்த இயந்திரத்தை அவர் மகாராணி என்றுதான் சொல்வார். மகாராணிக்கு இன்னிக்கு மூடு சரியில்லை, மகாராணி ஊசி கேட்கிறாள் என்று நாள் முழுக்கப் பேச்சு. போன வருடம் அவர் கையில் கிரீம் வாசனை வந்ததென்று, வரிசையாக எல்லாரும் பார்க்க, மூன்று முறை கை கழுவ வைத்தவள் சின்னவள்.

"அண்ணே, ரெண்டு குப்பி ஓட்டணும். ஒரு மாதிரி, ஒரு பிளாங்க்."

"ரெண்டேதானா? தட்டுல இடம் காலியாத்தானே கிடக்கு. இன்னும் பத்துகூட வைக்கலாம்."

"இது போதும்ண்ணே."

அவர் குப்பியைச் சொருகினார். எண்ணைப் பார்த்தார். "அன்னிக்குச் சனிக்கிழமை வந்து நீ தனியா ஒரே ஒரு பிளாங்க் மட்டும் ஓட்டினே," என்றார். "நான் கவனிச்சேன்."

சின்னவள் அவர் பக்கம் திரும்பினாள். "அப்பவே ஏண்ணே கேக்கல?"

"உன்னப் போய்க் கேக்கத் தோணுமா? கிரீம் வாசனைக்கே கை கழுவ வச்சவளாச்சே நீ."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பாள்.

மூன்றே முக்காலுக்கு முடிவு வந்தது. வெறும் குப்பி சுத்தம். அத்தானின் சிப்பியில், அனுமதித்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிஷின் அண்ணன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மேடத்தின் அறை எதிர்ப்புறம்தான். எட்டடி. கதவு திறந்தே இருந்தது. சின்னவள் நாலடி போனாள். அங்கே போனால் விசாரணை, விளக்கம், கையெழுத்து. அக்கா வீட்டுக்குப் போனால் அக்கா முகம். பதினெட்டு நாளாகப் பார்க்காத முகம். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.

---

அக்கா வாசலில் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. தங்கை படியேறி வந்து நின்றதும், கொடியைப் பார்த்துச் சொன்னாள்:

"வந்தவங்களுக்குத் தண்ணி வேணும்னா உள்ள இருக்கு. எடுத்துக் குடிக்கக் கை இருக்கும்."

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்றதை எல்லாம்தான் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சே," என்றாள் அக்கா, இன்னும் கொடியிடமே.

அத்தான் பின்கட்டில் மிதவைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கடலில் போட முடியாத மிதவையை எதற்குக் கழுவுகிறார் என்று கேட்கக் கூடாது. கை சும்மா இருந்தால் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். மச்சினியைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். முகம் பாதியாகியிருந்தது.

"வா பாப்பா. உங்கக்கா பேசுறத மனசுல வச்சுக்காத. நானே உன்ன வந்து பார்க்கணும்னு இருந்தேன்."

"அத்தான், நான் முதல்ல..."

"நீ உக்காரு. நான் சொல்லிடறேன், இல்லேன்னா வாயில வராது." அவர் உட்காரவில்லை. "முதல் ரெண்டு நாள் உன் மேல கோவம். பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் யோசிச்சேன். என் கையால எத்தன வீட்டுக்குச் சிப்பி கொடுத்திருக்கேன். போன வாரம் ஒவ்வொரு வீடாப் போனேன். தெரியாம உங்களுக்கு விஷம் கொடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேன். இருபத்திரண்டு வீடு."

அத்தான் ஒரு மிதவையை எடுத்து மறுபடி துடைத்தார்.

"ஒருத்தரும் திட்டல. ஒரு வீட்டுல மட்டும், கைக்குழந்தைக்காரி, பால் கொடுக்கிறவ, ஒண்ணும் பேசாம கதவச் சாத்திக்கிட்டா. அதுதான் இன்னும் உள்ள கிடந்து அறுக்குது." அத்தான் மிதவையைக் கீழே வைத்தார். "நீ மட்டும் கண்டுபிடிக்கலேன்னா நான் இன்னும் கொடுத்துக்கிட்டே இருந்திருப்பேன். அதுக்குத்தான் உனக்கு ஒரு கும்பிடு போடணும்னு இருந்தேன்."

கையை உயர்த்தியும் விட்டார். சின்னவள் பாய்ந்து போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வேணாம் அத்தான். உங்க சிப்பில ஒண்ணுமே இல்ல. தப்பு என்னோடது. மழைக்கோட்டோட உள்ள போனேன், அதுலேர்ந்து சொட்டுச்சு. பார்த்தேன். தெரிஞ்சே மறைச்சேன். இன்னிக்கு உங்க பையை எடுத்து மறுபடி பார்த்தேன். சுத்தமா இருக்கு."

மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள். சொன்னதும் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. இருபத்திரண்டு வீட்டு வாசலில் அவர் கைகட்டி நின்ற காட்சி கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

அக்கா எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியாது. வந்தவள் தங்கையின் தோளில் ஓர் அடி வைத்தாள். பலமான அடிதான். "பாவி," என்றாள். இன்னோர் அடி. "பதினெட்டு நாளுடி. இந்த மனுசன் ராத்தூக்கம் இல்லாம... பாவி." மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியவள், அதே கையால் தங்கையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதாள். பேச்சு வந்துவிட்டது. தங்கை எதற்காகப் பஸ் ஏறி வந்தாளோ அது கிடைத்துவிட்டது. சின்னவளும் அழுதாள்.

"நம்ம சிப்பி சுத்தம்னு இப்பவே எல்லாருக்கும் சொல்லணும்," என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தேடினாள். "அந்தக் கைக்குழந்தைக்காரிக்குத்தான் முதல்ல."

"இரு," என்றார் அத்தான். அவர் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. ஏதோ கணக்குத் தப்பியவர்போல நெற்றியைச் சுருக்கியிருந்தார். "பாப்பா, அன்னிக்கு நீ பார்த்தது எங்க பை ஒண்ணு மட்டுமா?"

"இல்ல அத்தான். ஆறு."

"ஆறுக்கும் அதே பாட்டில்?"

"அதேதான்."

"மத்த அஞ்சையும் இன்னிக்குப் பார்த்துட்டியா?"

நேரம் போதவில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. தட்டில் பத்துக் குப்பிக்கு இடம் காலியாகக் கிடந்ததே.

"இல்ல அத்தான்."

"ஏன்மா?"

"தோணவே இல்ல," என்றாள். சொன்ன பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. மழைக்கோட்டையாவது அவசரம் என்று சொல்லலாம். இதற்கு என்ன பெயர் சொல்வது? அந்த ஐந்து பைகளையும் கையால் ஒதுக்கிவிட்டுத்தான் அடியில் கிடந்த அத்தான் பையை எடுத்திருந்தாள். காது மடலெல்லாம் சுட்டது. அக்காவின் தோளிலிருந்து தானாகவே விலகிக்கொண்டாள்.

அத்தான் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"மேட்டு வீட்டு அக்கா," என்றார் மனைவியிடம். கேட்டதும் அவள் முகம் வெளுத்தது.

மேட்டு வீட்டு அக்காவின் களமும் மூடிய ஆறில் ஒன்று, அத்தானுடையதற்கு அடுத்தது. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகப் படகு ஓட்டி, கயிறு கட்டி, நாற்பது கயிறு வளர்த்தவள். ஒரு கயிறு தேற ஒன்றரை வருடம் ஆகும்.

"நான் வீடு வீடாப் போனது அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு," நடந்துகொண்டே அத்தான் சொன்னார். "நேத்து வந்தாங்க. நீங்க இவ்வளவு பண்ணியிருக்கீங்க, நான் மட்டும் மூடின களத்துல விஷத்த வளர்த்துக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும், எல்லாக் கயிறையும் அறுத்துடப் போறேன்னாங்க. நானும் நல்லதுன்னு சொல்லிட்டேன். சீக்கிரம் நட. இன்னிக்குத்தான் அறுக்கிறாங்க."

சின்னவள் ஓடினாள்.

---

படகுத்துறையில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. மேட்டு வீட்டு அக்காவின் படகு வந்து கட்டியிருந்தது. படகு நிறைய வெறும் கயிறு, ஈரமாக, சுருள் சுருளாக. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து உள்ளங்கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சிப்பி கிழித்த கை.

"எத்தன கயிறுக்கா மிச்சம்?" என்றார் அத்தான், மூச்சு வாங்க.

"மிச்சம் வைக்கிற வேலையே இல்ல தம்பி. விடியக்காலைல இறங்கினேன், இப்பத்தான் கரையேறினேன். நாப்பதையும் அறுத்து, பிஞ்சுகூட விடாம கொண்டுபோய்க் குழியில போட்டு மூடியாச்சு." சொல்லும்போது குரலில் ஒரு நிறைவு இருந்தது. அத்தானுக்குப் பின்னால் நின்றவளை அப்போதுதான் பார்த்தாள். "அட, பாப்பாவா? இங்க வா."

சின்னவள் போனாள்.

மேட்டு வீட்டு அக்கா எழுந்து, கிழிந்த இரண்டு கையாலும் அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னப் பார்க்கணும்னுதான் இருந்தேன். அறுக்கும்போது அழுகையா வந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா ஒண்ணு நினைச்சுக்கிட்டேன். சொந்த அத்தான்னுகூடப் பார்க்காத பொண்ணு சொல்லியிருக்கு, அது தப்பா இருக்காதுன்னு. அத நினைச்சுக்கிட்டேதான் நாப்பதையும் அறுத்தேன்."

அத்தான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இதை அவரால் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவரும் அவர் இல்லை.

சின்னவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பிடி விடவில்லை.

"அக்கா," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி ஆரம்பித்தாள். "அக்கா, உங்க சிப்பில விஷம் இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் இன்னும் அத ஒழுங்காப் பார்க்கவே இல்ல."

மேட்டு வீட்டு அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பிடித்த கையும் அப்படியே இருந்தது.

"திரும்பச் சொல்லு," என்றாள்.